லைட்டக்காவின் ஒரே கேள்வி

லைட்டக்காவுக்கு ஒரு சீடன் இருந்தான். சீடனுக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவுக்கு முப்பத்தேழு.

வயதைப் பார்த்தால் சீடனைத்தான் 'அவர்' என்று சொல்ல வேண்டும். ஆனால் வித்தை என்று வந்துவிட்டால் வயது வாசலில் செருப்போடு நின்றுகொள்ளும். அதனால் இந்தக் கதையில் குரு அவர். சீடன் அவன்.

குருவின் பெயர் விண்ணரசி. கோவில்பட்டியில் அந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. வீட்டில் விளக்கு எரியவில்லை, மோட்டார் ஓடவில்லை என்றால் ஜனங்கள் லைட்டக்காவைத்தான் தேடினார்கள். சீடனும் அவரை அக்கா என்றே கூப்பிட்டான். அவர் அவனை அண்ணாச்சி என்றார். ஆளுக்கு ஆள் மற்றவரை மூத்தவராக வைத்துக்கொண்டதில் இருவருக்கும் நடுவே ஒரு நாளும் சண்டை வரவில்லை.

சீடன் அய்யாத்துரை நூல் மில்லில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவன். மில்லை மூடினார்கள். அதே வருடம் மனைவி செண்பகமும் போய்ச் சேர்ந்தாள். கைக்கு வேலையும் இல்லை, வீட்டில் பேச்சுக்கு ஆளும் இல்லை என்று ஆனபோது, வயரிங் கற்றுக்கொடுங்கள் என்று லைட்டக்காவின் முன்னால் போய் நின்றான்.

அவர் ஒரு நீள நூலை அறுத்து, நுனியில் ஒரு இரும்பு நட்டைக் கட்டிக் கொடுத்தார்.

"இது கொத்தனார் சாமான்லா அக்கா?"

"வயரும் சுவருக்குள்ளதான போகுது, அண்ணாச்சி. பையில கெடக்கட்டும்."

அது பையிலேயே கிடந்தது.

லைட்டக்காவிடம் உபதேசம் கிடையாது. ஒரே ஒரு கேள்விதான் உண்டு. ஃபேன் ஓடவில்லை என்றால், "எங்க?" என்பார். ஷாக் அடிக்கிறது என்றால், "எங்க?" என்பார். போன தடவை வந்தவன் கெடுத்துவிட்டான், பக்கத்து வீட்டுக்காரன் இழுத்துவிட்டான் என்று யாராவது ஆரம்பித்தால், காது கேட்காதவர் மாதிரி ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை காலையில் அய்யாத்துரை வீங்கிய கண்களோடு வந்தான்.

"அக்கா, இன்னைக்கு லீவு வேணும். கழுகுமலைக்குப் போகணும்."

"மக வீட்டுக்கா?"

"ஆமா. லைட்டுக்கான டிரிப்பர் விழுந்து வீடே இருட்டாயிருதாம். மூணு மாசமா விழுதாம். எனக்கு நேத்துதான் சொல்லுதாங்க."

அந்த வீட்டின் புது அறைக்கும், அறைக்குப் போகும் நடைக்கும் வயரிங் செய்தது அய்யாத்துரைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், மகள் பொற்கொடியின் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, சீரோடு சீராக அந்த வேலையையும் செய்து கொடுத்தான். லைட்டக்கா அப்போது சாத்தூரில் வேறு வேலையில் இருந்தார். இவன் தன்னந்தனியாகச் செய்த முதல் வேலை அதுதான்.

அந்த வேலையில் அவனுக்குப் பெருமை உண்டு. ஒரு சின்னக் குறுக்கு வழியும் உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நடைச் சுவரில் வயர் போகும் பைப்பை சுவிட்சிலிருந்து நேராக மேலே ஏற்றி, பிறகு லைட்டை நோக்கிப் படுக்கையாகத் திருப்ப வேண்டும். இவன் சுவிட்சிலிருந்து லைட்டுக்குக் குறுக்கே சாய்த்து விட்டான். சுவரைக் கொத்துகிற வேலை பாதி மிச்சம். மேலே பூசியாகிவிட்டது. குழம்பு ருசியாக இருந்தால் கோழி குருடா என்று யார் கேட்கிறார்கள்? விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவனும் மறந்துபோனான்.

"சம்மந்தியம்மா போன் பண்ணுச்சு" என்றான். "நாளைக்குள்ள லைட்டைச் சரி பண்ணுங்க, இல்லைன்னா மகளைக் கொஞ்ச நாள் உங்க வீட்டுல வச்சுக்கோங்கன்னு சொல்லிருச்சு."

'கொஞ்ச நாள்' என்றால் எத்தனை வருடம் என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும்.

லைட்டக்கா அவன் பையைப் பார்த்தார். பையின் மேலேயே ஒரு புது டிரிப்பர் இருந்தது.

"என்னது அது?"

"முப்பத்திரண்டு ஆம்ப். அங்க இருக்கது பத்து. பெரிசா போட்டா விழாதுல்லாக்கா."

"கோளாறு எங்கன்னு இது சொல்லுமா?"

"சொல்லாது. ஆனா விழாது."

"நாய் குலைக்குதுன்னு ஊமை நாயை வாங்கிட்டுப் போறீங்க" என்றார் லைட்டக்கா. டிரிப்பரை எடுத்துத் தன் மேஜைமேல் வைத்தார். "அந்த ஒல்லி வயரு சுவருக்குள்ளயே வெந்துகிட்டுக் கெடக்கும். உங்க மகதான் அந்த ரூம்ல படுக்கா."

அய்யாத்துரை தலைகுனிந்தான்.

"நானும் வாரேன். ஏணியை எடுங்க."

"ஏணி அங்க இருக்குக்கா."

"அப்ப உங்களை மட்டும் எடுத்துக்கிட்டு வாங்க."

பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். கழுகுமலை மலை தெரிகிற வளைவில்தான் வாய் திறந்தான்.

"அக்கா, குத்தம் யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கது?"

"யாருன்னு எனக்குப் பாக்கத் தெரியாது, அண்ணாச்சி. எங்கன்னுதான் தெரியும்."

"எங்கன்னு தெரிஞ்சா யாருன்னு தெரிஞ்சிருமா?"

லைட்டக்கா கண்டக்டரிடம் இறங்குகிற இடத்தைச் சொன்னார்.

சம்மந்தியம்மா வடிவு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"வாங்க சம்மந்தி. வெளிச்சம் இருக்கையிலயே வந்துட்டீங்க. சாயங்காலம் வந்தா ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது."

வடிவு சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள். தீப்பெட்டி ஆபீஸ் வேலையில் மகனை வளர்த்து, வீட்டையும் கட்டியவள். மகன் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தான், மாதம் ஒரு முறை வருவான். மற்ற நாளெல்லாம் வீட்டில் மாமியாரும் மருமகளும்தான்.

"முப்பது வருசம் குச்சி அடுக்குன கை இது" என்று வடிவு கையை விரித்துக் காட்டினாள். "ஊருக்கெல்லாம் வெளிச்சம் போச்சு. என் வீட்டுல இருட்டு."

பொற்கொடி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாங்கப்பா என்று உதடுதான் அசைந்தது. பெண் மெலிந்திருந்தாள்.

"எப்ப இருந்தும்மா விழுது?" என்று லைட்டக்கா கேட்டார்.

"இவ அவங்க ஆத்தா படத்தைக் கொண்டாந்து நடையில மாட்டுனாள்ல, அந்த வாரத்துல இருந்து."

"எப்பெப்ப விழும்?"

"எனக்கும் இவளுக்கும் வாய்ப்பேச்சு வந்தா விழும். இவ வாயைத் தெறந்தா வெளிச்சம் போயிரும். ஊரு ஆசாரி பார்த்தான், வயர்மேன் பார்த்தான், அவங்க வந்து நிக்கையில விழாது. சண்டை வந்தாத்தான் விழும். வாழ வந்த வீட்டுல செத்தவங்க படத்தை மாட்டுனா லெச்சுமி தங்குவாளா?"

லைட்டக்கா மீட்டர் அளவைக் கேட்டுக்கொள்பவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

அய்யாத்துரைக்குக் காது கொதித்தது. செண்பகம் இருபத்தாறு வருடம் அவனோடு குடும்பம் நடத்தினாள். மில் மூடிய மாதம் கம்மலை அடகு வைத்து அடுப்பு எரித்தவள். ஒருத்தர் குடியை அவள் கெடுத்ததில்லை. செத்த பிறகா கெடுக்கப் போகிறாள்?

வடிவு காபியை நீட்டினாள்.

"இருக்கட்டும் சம்மந்தியம்மா. வேலையை முடிச்சுட்டுக் குடிக்கேன்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். காபியைத் திண்டில் வைத்தாள்.

அய்யாத்துரை சட்டைக் கையை மடித்துக்கொண்டான். என் வேலை சுத்தம், என் பெண்டாட்டி சுத்தம், என் மகள் சுத்தம். மூன்றையும் இன்றைக்கு இந்த வீட்டில் காட்டாமல் பச்சைத்தண்ணீர் பல்லில் படாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

முதலில் வீட்டில் எல்லா சுவிட்சுகளையும் அணைத்தான். டிரிப்பரை மேலே தூக்கிவிட்டான். விழாமல் நின்றது.

கூடத்து டியூப்லைட்டைப் போட்டான். நின்றது. அடுப்படி. நின்றது. சாமி விளக்கு, குளியலறை, நடை, புது அறை, கொல்லைப்புறம். ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் நூறு எண்ணினான். பதினோரு விளக்கு. பிறகு பதினொன்றையும் சேர்த்துப் போட்டான். பட்டப்பகலில் வீடு கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. டிரிப்பர் அசையவில்லை.

"பார்த்தீங்களா? ஆளு நிக்கையில விழாது" என்றாள் வடிவு.

மெயினை அணைத்துவிட்டு சுவிட்சுப் பலகைகளைக் கழற்றினான். கூடத்துப் பலகைக்குப் பின்னால் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. அய்யாத்துரைக்கு உயிர் வந்தது.

"அக்கா! பல்லி!"

லைட்டக்கா வந்து பார்த்தார்.

"இது செத்து ரெண்டு தீவாளி கழிஞ்சிருக்கும். மூணு மாசக் கோளாறுக்கு இதைக் கூப்பிடாதீங்க."

அவர் திரும்பப் போய்ப் பொற்கொடி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். உதவி செய்யலாம் அல்லவா? செய்யவில்லை.

அய்யாத்துரை விடவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கினான். ஏணியில் ஏறி ஒவ்வொரு ஹோல்டரையும் கழற்றிப் பார்த்தான். குளியலறை ஹோல்டர் துருப்பிடித்திருந்தது, மாற்றினான். டிரிப்பர் பெட்டியைத் திறந்து உள்ளே ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. வாய் வறண்டது. தண்ணீர் கேட்கவில்லை.

நடையைக் கடக்கும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டான். அங்கேதான் செண்பகம் கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். சம்மந்தியம்மா அப்படிச் சொன்ன பிறகு அந்தப் படத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனால், அவள் சொன்னதை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் என்று பட்டது.

மத்தியானம் ஒரு மணிக்கு அவன் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"அக்கா, கோளாறே இல்ல."

"எங்கெங்க பார்த்தீங்க?"

விரல் விட்டுச் சொன்னான். பதினோரு விளக்கு, ஏழு பலகை, ஒரு பெட்டி.

"எங்க பாக்கலை?"

அவன் ஏணிப் படியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினான்.

"அந்தம்மா காலையில என்ன சொன்னாங்க?"

"அது வம்புப் பேச்சுக்கா."

"வம்புப் பேச்சையே சொல்லுங்க."

"சண்டை வந்தா விழுதாம்." நடைப் பக்கம் ஒரு தரம் பார்த்தான். "செண்பகம் படம் வந்த வாரத்துல இருந்து விழுதாம்."

"மூணு மாசமா அந்தம்மா இருட்டுக்குள்ள நின்னு பார்த்திருக்காங்க. நீங்க காலையிலதான் வந்தீங்க."

அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குருவே இப்படிச் சொல்லலாமா?

லைட்டக்கா வெங்காயத் தோலைத் தட்டிவிட்டு எழுந்தார். மெயினைப் போட்டு எல்லா விளக்கையும் எரியவிட்டார். பிறகு பொற்கொடியைப் பார்த்தார்.

"ஏம்மா, அத்தைகூட சண்டை முடிஞ்சா நீ என்ன செய்வ?"

"ரூமுக்குப் போயிருவேன்."

"எங்க, போ பாப்போம்."

பொற்கொடி நடை வழியாக அறைக்குப் போனாள். கதவை மெல்லச் சாத்தினாள். ஒன்றும் ஆகவில்லை.

"சண்டை போட்டுட்டு இப்படித்தான் பூப்போல சாத்துவியா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"சம்மந்தியம்மா, நீங்க கொஞ்சம் ஆரம்பிச்சு வைங்க" என்றார் லைட்டக்கா.

"சும்மா எப்படித் தாயி சண்டை வரும்?" என்றாள் வடிவு. ஆனால் அவளுக்கா வராது? "நேத்து ரசம் வச்சாளே, அதைக் கேளுங்க. கழுவுன தண்ணி மாதிரி. ஆத்தா சொல்லிக் குடுத்திருந்தால்ல தெரியும்."

"எங்கம்மாவை இழுக்காதீங்க அத்தை."

"இழுத்தா என்னடி?"

"செத்தவங்களைப் பேசுற வாய்க்கு ரசம் எப்படி ருசிக்கும்?"

"பாருங்க, பாருங்க, வாயைப் பாருங்க!"

நடிப்பாக ஆரம்பித்தது நடிப்பாக நிற்கவில்லை. பொற்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். அறைக்குள் போனாள். கதவை அடித்துச் சாத்தினாள்.

சுவர் அதிர்ந்தது. செண்பகத்தின் படம் ஒரு தரம் குலுங்கியது.

பெட்டிக்குள் டக்கென்று சத்தம். பதினோரு விளக்கும் அணைந்தன.

வடிவு மார்பில் கையை வைத்துக்கொண்டாள். அய்யாத்துரை ஏணியை விட்டு எழுந்து நின்றான். அவன் பார்வை படத்தின்மேல் இருந்தது.

"எங்க?" என்று கேட்டார் லைட்டக்கா.

அவன் போய் மெயினை அணைத்தான். நடைக்கு வந்து, படத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கழற்றி, கதவைத் திறந்து வந்த மகளிடம் கொடுத்தான். படம் மாட்டியிருந்த ஆணியைக் குறட்டால் பிடித்து இழுத்தான். மூன்றங்குல ஆணி. நுனி கருகியிருந்தது.

சுற்றிலும் பூச்சை உடைத்தான். உள்ளே பைப்பில் பொத்தல். பொத்தலுக்குள் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் தோல் உரிந்து பல்லை இளித்தன. ஆணி இரண்டுக்கும் நடுவில் நின்றிருக்கிறது. நடை விளக்கு எரியும்போது கதவு அதிர்ந்தால் ஆணி அசையும். ஆணி அசைந்தால் இரண்டு வயரும் ஆணி வழியாகத் தொட்டுக்கொள்ளும். சண்டை வந்தால் விளக்குப் போனது உண்மைதான்.

அய்யாத்துரைக்கு ஒரு நொடி தலைகால் புரியாத சந்தோஷம். என் வேலை இல்லை! எவனோ ஆணி அடித்திருக்கிறான்! கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டான்.

அப்போதுதான் மகளைப் பார்த்தான். படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"அப்பா" என்றாள் மெதுவாக. "நான்தான்... அம்மிக்குழவியால அடிச்சேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தப்ப."

"நான் சொன்னேனா இல்லையா!" என்றாள் வடிவு. "படத்தாலதான்னு சொன்னேனா இல்லையா! என் பேச்சு யாருக்கு ஏறுச்சு? கேளுங்க சம்மந்தி, ஆணி அடிச்சது யாருன்னு இப்பக் கேளுங்க!"

திறந்த வாயை அய்யாத்துரை மூடிக்கொண்டான். இந்த ஆணியோடு மகள் இந்த வீட்டில் இன்னும் நாற்பது வருடம் வாழ வேண்டும். ஒவ்வொரு சண்டையிலும் இது வெளியே வரும். அல்லது இன்றைக்கு மாலை பஸ்ஸிலேயே அவள் அவனோடு திரும்பி வர வேண்டும். லைட்டக்காவைப் பார்த்தான். அவர் கீழே கிடந்த வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சம்மந்தியம்மா" என்றான். "குத்தம் என்னுது."

"என்னது?"

"அவ ஆணி அடிச்சதுல ஒரு தப்பும் இல்ல. படம் மாட்டுற எடத்துலதான் அடிச்சிருக்கா. வயரு போகக்கூடாத எடத்துல வயரை விட்டவன் நான்." வாயில் வந்ததைச் சொன்னான். "வேலை தெரியாத நேரத்துல செஞ்சது. மூணு மாசமா உங்க வீட்டை இருட்டாக்கினது நான்தான்."

வடிவு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப மூணு மாசமா நான் இவளைப் பேசினதெல்லாம்?"

"என்னைப் பேசிருக்கணும்."

"அப்படியா? அப்ப இப்பப் பேசுதேன், கேட்டுக்கோங்க."

பேசினாள். ஓரவஞ்சனை இல்லாமல் மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பேசினாள். நூல் மில்லில் ஸ்பேனர் பிடித்த கைக்கு வயர் எதற்கு என்றாள். பெண்ணைக் கொடுத்தவன் நெருப்பையும் சுவருக்குள் வைத்துக் கொடுத்தானா என்றாள். அய்யாத்துரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒவ்வொரு சொல்லும் மகள்மேல் விழவேண்டியது, தன்மேல் விழுகிறது என்று நினைத்தபோது அவனுக்கு வலிக்கக்கூட இல்லை.

திட்டி முடித்ததும் வடிவுக்கு மூச்சு வாங்கியது. மருமகளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏன்டி நிக்கிற, உங்கப்பா காலையில இருந்து தண்ணி குடிக்கல. மோரை எடுத்துட்டு வா."

அய்யாத்துரை மோரை வாங்கிக் கீழே வைத்தான். வேலை இன்னும் முடியவில்லை.

பொத்தல் விழுந்த வயரை ஒட்டுப் போட லைட்டக்கா விடமாட்டார் என்று அவனுக்குத் தெரியும். சுவிட்சிலிருந்து விளக்கு வரைக்கும் பழைய வயரை உருவிப் புது வயர் இழுத்தான். உடைந்த பைப்பை அறுத்து மாற்றினான். மெயினைப் போட்டு, நடை விளக்கை எரியவிட்டான்.

"சம்மந்தியம்மா, கதவைச் சாத்துங்க."

"நானா?"

"உங்க கையாலயே சாத்துங்க."

வடிவு அறைக் கதவை ஓங்கிச் சாத்தினாள். விளக்கு அணையாமல் நின்றது. மறுபடி சாத்தினாள். நின்றது. அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. பத்துத் தரம் சாத்தினாள். பொற்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமியாரும் சிரித்தாள்.

அய்யாத்துரை மோரை ஒரே மூச்சில் குடித்தான்.

பெண்கள் இருவரும் அடுப்படிக்குப் போன பிறகு, உடைத்த இடத்தில் சிமெண்டு அப்பிக்கொண்டே அவன் மெல்லச் சொன்னான்.

"அக்கா, உங்க முன்னாலயே ஒரு பொய் சொல்லிட்டேன். தொழில்ல பொய் சொல்லக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். மகளுக்காகச் சொன்னேன். நீங்க மன்னிக்கணும்."

லைட்டக்கா இன்னும் கொஞ்சம் சிமெண்டை எடுத்துக் கொடுத்தார். மன்னித்தாரா இல்லையா என்று முகத்திலிருந்து படிக்க முடியவில்லை.

அதற்குள் வடிவு வந்துவிட்டாள். கையில் செண்பகத்தின் படம். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இது எங்கயாவது ஒரு எடத்துல இருக்கணும்ல" என்றாள், அவனைப் பார்க்காமல். "ஆணி எங்க அடிக்கட்டும், சொல்லுங்க சம்மந்தி. இனிமே உங்களைக் கேக்காம யாரும் அடிக்க மாட்டாங்க."

அய்யாத்துரைக்குக் கண் நிறைந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டான். விரலில் இருந்த சிமெண்டு கன்னத்தில் ஒட்டியது.

"என்னைக் கேக்கணும்னு இல்ல சம்மந்தியம்மா. எந்த வீட்டுலயும் இதான் கணக்கு. சுவிட்சுக்கு நேர் மேல அடிக்கக்கூடாது. லைட்டுக்கு நேர் பக்கவாட்டுல அடிக்கக்கூடாது. வயரு அந்த வழியாத்தான் போகும். மத்த எடத்துல எங்க வேணாலும்..."

நிறுத்தினான்.

வடிவு சுவரைப் பார்த்தாள். சுவிட்சைப் பார்த்தாள். சிமெண்டு ஈரமாக இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இவ அடிச்சது சுவிட்சுக்கு மேலயும் இல்ல, லைட்டுக்குப் பக்கத்துலயும் இல்லையே?"

அய்யாத்துரை கையிலிருந்த சிமெண்டைக் கீழே உதறினான்.

"அந்த நூலைக் குடுங்க அண்ணாச்சி" என்றார் லைட்டக்கா.

பையின் அடியில் துழாவி எடுத்துக் கொடுத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நடையில் அந்த நூல் இதே பைக்குள்தான் கிடந்தது. வெளியே எடுத்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

லைட்டக்கா ஏணியில் ஏறி, சுவிட்சுக்கு நேர் மேலே நூலைப் பிடித்துத் தொங்கவிட்டார். இரும்பு நட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. ஆட்டம் குறைந்தது. சுவிட்சுப் பலகையின் நடுவில் வந்து நின்றது.

ஆணி அடித்த இடம் நூலிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளி, வயர் போகக்கூடாத இடத்தில் இருந்தது.

பிறகு அய்யாத்துரை குனிந்தான். பையிலிருந்து பென்சிலை எடுத்து, நூலோடு ஒட்டிக் கீழிருந்து மேலாக ஒரு கோடு இழுத்தான். பென்சிலை வைத்துவிட்டு உளியையும் சுத்தியலையும் எடுத்தான்.

"இன்னும் கொத்தணுமா? உங்க பஸ்ஸு போயிருமே" என்றாள் வடிவு.

"போகட்டும் சம்மந்தியம்மா."

கோட்டின்மேல் உளியை வைத்தான். லைட்டக்கா ஏணியிலிருந்து இறங்கவில்லை. நூலை விடவும் இல்லை.

"என்னமோ பொய் சொல்லிட்டேன்னீங்களே, அண்ணாச்சி" என்றார். "எங்க?"